யாரையும் விடலை

அந்த ஜன்னலைக் கொஞ்சம் அடைச்சுக்கிடுதியளா தங்கச்சி? வெக்கை மூஞ்சில வந்து அடிக்கி. கடைசி ஸ்டாப்பு வரைக்குமா போறிய? நல்லதாப் போச்சு. இல்ல, சும்மாதான் கேட்டேன்.

எனக்கு எத்தனை பிள்ளைகன்னு கேட்டியள்ளா. ஒரே பொண்ணு. செண்பகவல்லி. வீட்டுல செம்பான்னு கூப்புடுவோம். பி.எட். முடிச்சிருக்கா. நல்ல நிறம், நல்ல முடி. என்னைப் பாத்தா இப்ப நம்ப மாட்டிய, நானும் அந்த வயசுல அப்படித்தான் இருந்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆகல. இனிமே ஆகவும் ஆகாது. யாரு காரணம்னு கேட்டா ஊர்ல ஆளுக்கு ஒன்னு சொல்லுவாவ. நடந்தது என்னன்னு எனக்குத்தான் தெரியும். நான் கூடவே இருந்தேம்லா.

சொல்லுதேன். நான் எறங்க இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு.

எங்க வீட்டுக்காரவுக பாத்திர வாடகைக் கடை வச்சிருந்தாவ. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுன்னாலும் அண்டா, குண்டா, கரண்டி எல்லாம் நம்ம கடையிலருந்துதான் போகும். அதுக்குன்னு பழைய வேன் ஒன்னு இருந்துச்சு. அவுகளுக்கு ஒரே தங்கச்சி, உலகம்மை, உலகான்னு கூப்புடுவோம். என் நாத்தனா. எல்லாத்துக்கும் மொதல் காரணம் அவதான். ஆனா அவளைக் குத்தம் சொல்ல முடியாது, பிறவி அப்படி.

சின்ன வயசுல காய்ச்சல் கண்டு புத்தி அங்கனயே நின்னுபோச்சு. இடையில இடையில வலிப்பு வேற. அம்பது வயசுப் பொம்பளை, அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரி. பேச்சு வராது. "மைனி"ன்னு அண்ணியை, என்னைக் கூப்புட மட்டும் வரும். பசிச்சாலும் மைனி, பயந்தாலும் மைனி, ஒன்னும் இல்லாட்டாலும் மைனி. ஒரு நாள் கூட இருந்து கேட்டுப் பாத்தாத் தெரியும் உங்களுக்கு. நான் முப்பது வருசம் கேட்டேன்.

அவளுக்கு நான் ஒரு கொறையும் வைக்கல. தனித் தட்டு, தனி டம்ளர், எச்சி ஒழுகும்லா, அதுக்காக. பின்னால பாத்திரம் அடுக்குற செட்டுல கட்டில் போட்டுக் குடுத்தேன். ஃபேன் கெடையாது, ஆனா காத்து வரும். யாராவது வீட்டுக்கு வந்தா மட்டும் வெளிப்பக்கம் தாழ்ப்பா போடுவேன். நான் பூட்டு போட்டேன்னு செம்பா எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு அலையுதா. பூட்டெல்லாம் இல்ல. தாழ்ப்பாதான்.

செம்பாவுக்கும் அவளுக்கும் அப்படி ஒரு ஒட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா பையைத் தூக்கிப் போட்டுட்டு நேரா செட்டுக்குத்தான் ஓடுவா. அத்தைக்குத் தலை சீவி விடுவா, நகம் வெட்டி விடுவா, அவ தட்டுலயே கையை விட்டுச் சாப்புடுவா. "பெத்தவளுக்கு ஒரு நாள் தலை பிடிச்சு விட்டிருக்கியாட்டி?"ன்னு கேப்பேன். சிரிச்சுக்கிட்டே போயிருவா.

எங்க வீட்டுக்காரவுக குலதெய்வத்தைப் பத்தியும் சொல்லணும். பேரு வழிமறிச்சா, பொம்பளைச் சாமி. கோயில் கோபுரம் எல்லாம் கெடையாது. காட்டு ரோட்டோரத்துல ஒரு உடைமரம், அதுக்குக் கீழ இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்பீடம். சுண்ணாம்பு அடிச்சு மஞ்சள் தடவியிருக்கும், அவ்வளவுதான். என் மாமியா சொன்ன கதை இது. அந்தக் காலத்துப் பஞ்சத்துல இவுக கூட்டம் மாட்டுவண்டி கட்டிக்கிட்டுத் தெக்க பொழைக்க வந்திருக்காவ. அதுல எட்டோ ஒம்பதோ வயசுள்ள ஒரு பொட்டப்பிள்ளைக்கு அம்மை போட்டிருச்சு. கூட இருந்தா மத்ததுகளுக்கும் ஒட்டிக்கிடும்னு அந்த உடைமரத்தடியில எறக்கி, பக்கத்துல ஒரு கலயம் தண்ணியை வச்சு, "இந்தா வந்திருதோம்"னு சொல்லிட்டு வண்டியைப் பத்திட்டாவ. பிள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு. எந்திச்சு ஓடி வந்து வண்டியோட பின்கட்டையைப் பிடிச்சுக்கிட்டுச்சு. விட மாட்டேங்கு. அப்பங்காரன் எறங்கிப் போயி மாட்டைக் குத்துத தார்க்கம்பால விரல்லயே அடிச்சிருக்கான். அது விடுத வரைக்கும் அடிச்சிருக்கான்.

அதுக்குப் பொறவு அந்தக் குடும்பத்து வண்டி எதுவும் அந்த இடத்தைத் தாண்ட முடியல. மாடு படுத்துக்கிடும், அச்சு முறியும், வண்டியில இருக்க பச்சைப்பிள்ளை வெட்டி வெட்டி இழுத்துச் செத்துப்போகும். கோடாங்கி வந்து குறி சொன்ன பொறவுதான் பீடம் போட்டாவ. அன்னையிலருந்து எங்க குடும்பம் அந்த வழியாப் போனா வண்டியை நிப்பாட்டி, எல்லாரும் எறங்கி, பீடத்துல ஒரு செம்பு தண்ணி ஊத்தி, "ஆத்தா, எண்ணிக்கோ. எல்லாரும் வாரோம். யாரையும் விடலை"ன்னு சொல்லி, நடந்தே தாண்டணும். பொறவுதான் ஏறணும். கல்யாணமாகி வந்த அன்னைக்கே பட்டுச்சேலையோட நானும் அப்படி நடந்திருக்கேன். காலுல முள்ளு குத்துனது மட்டும்தான் நினைப்பிருக்கு.

மாமியா சாகக் கெடக்கும்போது என் கையைப் பிடிச்சு, "சொர்ணம், உலகாவை விட்றாத தாயி"ன்னு அழுதாவ. சரின்னேன். சாகப் போறவுககிட்ட வேற என்னத்தச் சொல்ல, நீங்களே சொல்லுங்க.

பொறவு செம்பாவுக்கு ஒரு நல்ல இடம் வந்துச்சு. மாப்பிள்ளை காலேஜுல வாத்தியாரு. அவுக வீட்டுலருந்து மொதல்ல பெரியம்மாக்காரி ஒருத்தர் மட்டும் சும்மா பாத்துட்டுப் போக வந்தாவ. நான் தாழ்ப்பா போட்டுத்தான் வச்சிருந்தேன். அந்தம்மா காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது செட்டுக்குள்ளருந்து "மைனி... மைனி..." அந்தம்மா டம்ளரைக் கீழ வச்சுட்டாவ.

"அது யாரு?"

"பாத்திரம் தேய்க்க வாரவ"ன்னேன்.

அவுக நம்பல. போகும்போது வாசல்ல நின்னு, "குடும்பத்துல கோளாறு ஏதும் இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. நாளைக்கு எங்க பேரப்பிள்ளைகளுக்கு வந்திரக் கூடாது"ன்னுட்டுப் போனாவ.

கடக்கரைப் பக்கம் ஒரு கோயில் இருக்கு. பேரு எதுக்கு? புத்தி சரியில்லாதவுகளை அங்கன கொண்டுபோயி விட்டுட்டு வந்திருவாவ. நெறைய பேரு அப்படிக் கெடக்காவ. மத்தியானம் சோறு போடுதாவ. மண்டபம் இருக்கு, கடக்காத்து இருக்கு. எங்க செட்டை விட வசதி. எங்க வீட்டுக்காரவுககிட்டச் சொன்னேன்.

"என் கூடப் பொறந்தவட்டி"ன்னாவ.

"உங்க கூடப் பொறந்தவ பெருசா, நீங்க பெத்தவ பெருசா?"

ரெண்டு நாள் அவுக சாப்புடல. நானும் சாப்புடச் சொல்லல. மூணாம் நாள் வேன் சக்கரத்துக்குக் காத்து அடிச்சுக்கிட்டு வந்து நின்னாவ.

செம்பாகிட்ட, பொண்ணு பாக்க வாரதுக்கு முன்னாடி கடக்கரைக் கோயில்ல ஒரு வேண்டுதல்னு சொன்னோம். "அத்தையும் வாராளா?"ன்னு குதிச்சா. அவளே உலகாவைக் குளிப்பாட்டி, பச்சைச் சேலை உடுத்தி விட்டு, ரெண்டு கைக்கும் கண்ணாடி வளையல் போட்டு விட்டா. உலகா வளையலை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தா. நான் அவ துணிமணியை ஒரு மஞ்சப்பையில திணிச்சு சீட்டுக்கடியில வச்சுட்டேன்.

காலையில பத்து மணிக்குக் கெளம்புனோம். அவுக ஓட்டுதாவ, நான் முன்னால. நடுச் சீட்டுல செம்பாவும் உலகாவும். பொறத்தால ஒரு அண்டா, யாருக்கோ குடுக்க வேண்டியது. பின்கதவுக்குக் கொக்கி போயிருந்துச்சு. கயிறு போட்டுக் கட்டி வச்சிருப்பாவ, ஒரு சாண் தொறந்தேதான் கெடக்கும்.

பாதி வழியில பாலம் வேலை நடக்குன்னு மெயின் ரோட்டுல தடுப்பு வச்சிருந்தான். காட்டு ரோட்டு வழியாச் சுத்திப் போங்கன்னுட்டான். காட்டு ரோடுன்னா பீடத்து வழி. அவுக என்னைப் பாத்தாவ. நான் ரோட்டைப் பாத்தேன்.

பீடம் வந்துச்சு. செம்பா தண்ணிச் செம்பைக் கையில எடுத்துட்டா. "அப்பா, நிப்பாட்டுங்க."

அவுக நிப்பாட்டல. எப்படி நிப்பாட்ட? எறங்கி நின்னு யாரையும் விடலைன்னு சொல்லணும்லா? அன்னைக்கி அதை எந்த வாயால சொல்ல? சாமிகிட்டப் பொய் சொல்லக் கூடாதுன்னுதான் நிப்பாட்டல. "திரும்பி வரும்போது கும்புட்டுக்கிடலாம்"னேன். செம்பா செம்பை மடியில வச்சுக்கிட்டு, "அப்படித் தாண்டக் கூடாதும்மா"ன்னு மொனகிக்கிட்டே வந்தா.

ஒரு பத்து நிமிசம் போயிருப்போம். ரோட்டோரத்துல ஒரு உடைமரம். கீழ பீடம்.

"அப்பா, சுத்தித் திரும்பி வந்துட்டியளே"ன்னு செம்பா சிரிச்சா. எங்கயோ மாறித் திரும்பியிருப்பாவன்னு நானும் நினைச்சேன். காட்டுல எல்லா ரோடும் ஒன்னு போலத்தான் கெடக்கும். மறுபடி ஓட்டுனாவ. இந்தத் தடவை எங்கயும் திரும்பல. நேர் ரோடு. நானும் கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். மறுபடி அதே உடைமரம், அதே பீடம். இப்ப யாரும் சிரிக்கல. உலகா மட்டும் ஜன்னல் வழியா வெளிய பாத்துக் கையை ஆட்டுதா, தெரிஞ்சவுக யாரோ நிக்க மாதிரி.

அவுகளுக்கு வேர்த்துக் கொட்டுது. "சொர்ணம், எறங்கித் தண்ணியாச்சும் ஊத்திருவோம்"னாவ. "ஓட்டுங்க"ன்னேன். ஓட்டுனாவ. மூணாம் தடவை பீடத்துக்கு நேரா வேன் அணைஞ்சுபோச்சு.

வெளிய ஒரு சத்தம் கெடையாது. காக்கா குருவி கெடையாது. வெயிலு மட்டும்தான். செம்பா காலை நீட்டப் போயி மஞ்சப்பை காலுல தட்டிருக்கு. எடுத்துப் பிரிச்சுட்டா. சேலை, போர்வை, வலிப்பு மாத்திரை.

"அம்மா, இது எதுக்கு?"

"பையை உள்ள வைட்டி"ன்னேன்.

"அப்பா, அத்தையை எங்க கொண்டு போறிய?"

அவுக ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி தலையைக் குனிஞ்சுட்டாவ. ஆம்பளைக அப்படித்தான். சொல்ல வேண்டியதெல்லாம் பொம்பளைதான் சொல்லணும். சொன்னேன். பெரியம்மாக்காரி வாசல்ல நின்னு சொன்னதையும் சொன்னேன்.

பிள்ளை அழுத அழுகை! "எனக்குக் கல்யாணமே வேண்டாம். அத்தையை நான் வச்சுக்கிடுதேன். உனக்குத் தொந்தரவே இல்லாம நான் வச்சுக்கிடுதேம்மா."

"உன்னை யாருட்டி வச்சுக்கிடுவா?"ன்னு கேட்டேன்.

"நீ மனுசியாம்மா?"

ஓங்கி ஒரு அறை விட்டேன். பெத்தவளைப் பாத்துக் கேக்க கேள்வியா அது? உதடு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. கொஞ்சம்தான்.

அப்பத்தான் எனக்கு ஒன்னு தோணுச்சு. இந்தச் சாமி எங்க குடும்பத்துப் பிள்ளை. உலகாவும் எங்க குடும்பத்துப் பிள்ளை. கடக்கரையில முகந்தெரியாதவுக மத்தியில விடுததுக்கு, சொந்தச் சாமிகிட்ட விடுதது நல்லதில்லையா? அதுக்குத்தான வண்டியை மறிச்சுக்கிட்டு நிக்கா? கேக்கதைக் குடுத்திருவோம்னு நினைச்சேன். சாயங்காலம் ஆடு பத்திக்கிட்டு வாரவுக யாராவது பாத்துக் கூட்டிட்டுப் போவாவ. நல்லது நினைச்சுத்தான் செஞ்சேன் தங்கச்சி. இப்பவும் எனக்கு அதுல தப்புத் தெரியல.

நானே எறங்கி உலகா கையைப் பிடிச்சு எறக்கினேன். ஆட்டுக்குட்டி மாதிரி கூட வந்தா. பீடத்துக்கு முன்னால உள்ள கல்லுல உக்கார வச்சேன். பக்கத்துல தண்ணி பாட்டில் ஒன்னு, பிஸ்கட்டு ரெண்டு பாக்கெட்டு. "இங்கனயே இரி. இந்தா வந்திருதோம்"னேன். அந்த நேரத்துல வாயில அதுதான் வந்துச்சு. "மைனி"ன்னு சிரிச்சா.

செம்பா கத்திக்கிட்டே எறங்க வந்தா. நெஞ்சுல கையை வச்சு உள்ள தள்ளிக் கதவை இழுத்து அடைச்சேன். அந்தக் கதவை உள்ளருந்து தொறக்க முடியாது. கொஞ்ச நேரம் அடிச்சுப் பாத்தா. பொறவு சீட்டுல சுருண்டு, துப்பட்டாவைத் தலையோட இழுத்து மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. அழுது தீரட்டும்னு விட்டுட்டேன்.

சாவியைத் திருப்புனதும் வேன் ஸ்டார்ட் ஆயிட்டு. "பாத்தியளா, ஆத்தா ஏத்துக்கிட்டா"ன்னேன்.

பத்தடி போயிருக்கும். நின்னுட்டு. எஞ்சின் உறுமுது, சக்கரம் சுத்துது, மண்ணு பறக்கு, வேன் நகரல. பொறத்தால யாரோ பிடிச்சு இழுக்க மாதிரி. திரும்பிப் பாத்தேன். அண்டாவுக்கு அங்கிட்டு, பின்கதவுச் சந்துல ரெண்டு கை. விரல் எல்லாம் உள்ள வளைஞ்சு தகரத்தைப் பிடிச்சிருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகம். உலகா முகம். நான் நல்லாப் பாத்தேன். வாயிலருந்து எச்சி ஒழுகுது. "மைனி, மைனி, மைனி."

நான் ஒன்னும் சொல்லல. அவுகதான் ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கிட்டு எறங்குனாவ.

பின்னால போயி, "உலகா, விட்ரு. விட்ரும்மா"ன்னு கெஞ்சுதாவ. கம்பியால தகரத்துல தட்டிப் பயங்காட்டுதாவ. அவ விடல. அவுகளுக்கு அழுகை வந்துட்டு. நடு ரோட்டுல, உச்சி வெயில்ல, கம்பியும் கையுமா அழுதுக்கிட்டு நிக்காவ. எவ்வளவு நேரம்தான் அப்படியே நிக்க முடியும்? பொறவு அடிச்சாவ. சத்தம் கேட்டுச்சு. நான் முன்னால திரும்பிக்கிட்டேன். நடுச் சீட்டுல துப்பட்டாவை மூடினபடி செம்பா அசையல. அவ பாக்காம இருக்கதே நல்லதுன்னு நினைச்சேன்.

அவுக வந்து ஏறும்போது சட்டையில ரத்தம். கம்பியைக் காலடியில போட்டாவ. வேன் ஒரு குலுக்கல் இல்லாமப் போச்சு. பீடம் மறுபடி வரல. ஒரு மணி நேரத்துல மெயின் ரோடு வந்துட்டு. ரோட்டோரம் டீக்கடை. நான் எறங்கி மூணு டீ வாங்கினேன். கோவத்தை ஆத்தணும்லா, அதுக்காக ஒரு டீயை நானே கொண்டுபோயி, "செம்பா, டீ குடிட்டி"ன்னு துப்பட்டாவை விலக்கினேன்.

உலகா உக்காந்திருந்தா.

செம்பாவோட துப்பட்டாவைப் போத்திக்கிட்டு, பச்சைச் சேலையோட, ரெண்டு கையும் மடியில வச்சுக்கிட்டு. ஒரு வளையல் கூட உடையல. டீயைப் பாத்துட்டு "மைனி"ன்னு கையை நீட்டுதா.

கையில டீ கொட்டுனது கூட எனக்குத் தெரியல.

அவுக திரும்பி ஒரே ஒரு தடவை பாத்தாவ. வேனைத் திருப்பினாவ. வந்த வழியே ஒரு மணி நேரம் ஓட்டுனாவ. உலகாதான் டீ வேணும்னு "மைனி மைனி"ன்னு அழுதுக்கிட்டே வந்தா. அவ வாயைப் பொத்துனேன். கையைக் கடிச்சுட்டா.

பீடத்துக்கு முன்னால அந்தக் கல்லுல செம்பா உக்காந்திருந்தா. நான் பாட்டிலை எப்படி வச்சேனோ அப்படியே இருக்கு. பிஸ்கட்டு மட்டும் ஒரு பாக்கெட்டு பிரிச்சு, பாதி தின்னுருந்துச்சு. பிள்ளை கை கெடந்த கெடப்புல அவ அதைப் பிரிச்சிருக்க முடியாது. அக்கம்பக்கத்துல ஒரு ஈ காக்கா கெடையாது. யாரு தின்னான்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது.

கையைப் பத்திக் கேக்காதிய. பிள்ளை அழல. உலகாதான் எறங்கி ஓடிப் போயி அந்தக் கையைத் தன் முந்தானையில சுத்தி, நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. நான் கிட்டப் போனேன். செம்பா என்னைப் பாத்த பார்வையில அப்படியே நின்னுட்டேன்.

ஆஸ்பத்திரியில வேன் கதவு விழுந்துட்டுன்னு சொன்னோம். வலது கையில மூணு விரல், இடது கையில ரெண்டு விரல் எடுத்துட்டாவ. நாலாம் நாள்தான் பிள்ளை வாயைத் தொறந்தா.

"நான் சீட்டுலதான் இருந்தேன். கண்ணை மூடித் தொறக்கேன், காலு சுடுது. ரோட்டுல நிக்கேன், வேன் போகுது. ஓடி வந்து பிடிச்சேன். 'அம்மா, நான் செம்பாம்மா'ன்னு கத்துனேன். நீ திரும்பி என் கண்ணைப் பாத்த."

"நான் பாத்தது உலகாவை"ன்னேன். "ஆத்தா சத்தியமா உலகாவைத்தான் பாத்தேன்."

"எனக்குப் பக்கத்துல ஒரு பிள்ளை ஓடி வந்துச்சு. முகமெல்லாம் கொப்புளம். அது வேனைப் பிடிக்கல. என் கை மேல அது கையை வச்சு அமுக்கிக்கிட்டுச்சு. 'விட்றாத, விட்டா போயிருவாவ'ன்னுச்சு. அப்பா அடிச்சது அது கை மேலயும்தான் விழுந்துச்சு. அது கத்தல. எனக்குத்தான் வலிச்சுச்சு."

அவுக கட்டில் ஓரத்துல தரையில உக்காந்திருந்தாவ. பிள்ளை அவுகளைப் பாத்துச் சொல்லுதா, "அப்பா அடிக்க மாட்டேன்னுட்டாரு. கம்பியைக் கீழ போட்டுட்டு என்னால முடியாதுன்னு ரோட்டுல உக்காந்துட்டாரு. அப்ப முன்னாலருந்து ஒரு சத்தம் வந்துச்சு. அது யாரு சத்தம்மா?"

ஆமா, நான் சொன்னேன். "அடிங்க"ன்னு ஒரு வார்த்தை. மிஞ்சிப் போனா மூணு தடவை சொல்லிருப்பேன். வேற ஒன்னும் சொல்லல. அதுவும் உலகான்னு நினைச்சுத்தான சொன்னேன்? என் பிள்ளைன்னு தெரிஞ்சா சொல்லுவேனா? இந்தச் சின்ன விசயம் படிச்ச பிள்ளைக்குப் புரியல பாருங்க.

மாப்பிள்ளை வீட்டுலருந்து அதுக்குப் பொறவு ஒரு போன் கூட வரல. ஆஸ்பத்திரியிலருந்து செம்பா நேரா உலகாவைக் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டா. ஒத்தை ரூம் எடுத்து, பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் குடுக்கா. நான் மாசா மாசம் போவேன். முறுக்கு, அதிரசம் சுட்டுக்கிட்டுத்தான் போவேன். உலகாதான் கதவைத் தொறப்பா. "மைனி"ன்னு சிரிப்பா. போன மாசம் ஜன்னல் வழியாப் பாக்கேன், உலகா சோத்தைப் பிசைஞ்சு உருட்டி என் பிள்ளைக்கு ஊட்டுதா. ஒரு வாய் ஊட்டிட்டு முந்தானையால வாயைத் துடைச்சு விடுதா. தன் எச்சியையே துடைக்கத் தெரியாத சவம் அது. கதவைத் தட்டி, "நான் ஊட்டுதேன், தா"ன்னேன். செம்பா நிமிந்து பாத்தா. "நீங்க போங்க"ன்னா.

நீங்க! என் வயித்துல பொறந்தவ, பொறந்ததுலருந்து நீ, வா, போன்னு கூப்புட்டவ, எனக்கு நீங்க போடுதா. அடிச்சிருந்தாக் கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

சரி, அவளைச் சொல்லி என்ன? என் கஷ்டம் வேற. எங்க வீட்டுக்காரவுக ஆஸ்பத்திரியிலருந்து வந்த பொறவு மனுசனா இல்ல. கை ரெண்டும் மடங்கிப் போச்சு. விரலைப் பிரிக்கவே முடியாது, எதையோ பிடிச்சுக்கிட்டு இருக்க மாதிரியே இருக்கும். டாக்டர் நரம்புன்னாரு. அதைக் கூடப் பொறுத்துக்கிடலாம். எந்த வண்டி கெளம்புனாலும் பொறத்தால ஓடுதாவ. பஸ்ஸு, லாரி, பால் வண்டி, எதுன்னாலும் ஓடிப் போயி பின்னால தொங்கிக்கிடுதாவ. தொங்கிக்கிட்டு, "என்னையும் கூட்டிட்டுப் போங்க, என்னையும் கூட்டிட்டுப் போங்க"ன்னு கத்துதாவ. அதுவும் அவுக குரல்ல இல்ல. ஒரு பொட்டப்பிள்ளை குரல்ல. தெருவே வேடிக்கை பாக்கு. ரெண்டு தடவை கீழ விழுந்து முட்டி பேந்துபோச்சு. கடையை மூடியாச்சு. செட்டுல உலகா கட்டில்லதான் கெடக்காவ. இப்பவும் தாழ்ப்பாதான் போடுதேன்.

எனக்கும் வயசாகுதுல்லா தங்கச்சி? எத்தனை பேரைத்தான் நான் பாக்க?

அந்தா, டிரைவருக்குப் பொறத்தால மொத சீட்டுல, கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காவல்லா, வெள்ளைச் சட்டை. அவுகதான். வண்டிக்குள்ள இருந்தா ஒரு தொந்தரவும் கெடையாது, பிள்ளை மாதிரி வேடிக்கை பாத்துக்கிட்டே வருவாவ. இந்த பஸ்ஸு அந்தக் காட்டு ரோட்டுல போகாது, விசாரிச்சுட்டுத்தான் ஏறினேன். கடைசி ஸ்டாப்புல எறங்குனா அந்தக் கடக்கரைக் கோயில் எதுத்தாப்புலதான். டிக்கெட்டு சட்டைப் பையில வச்சிருக்கேன். துணி, மாத்திரை எல்லாம் அவுக காலடியில பையில இருக்கு. நீங்க அதுவரைக்கும் போறியள்ளா, மண்டபம் வரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சிருங்க. பிடிச்ச கையை விட மாட்டாவ, விரலை ஒவ்வொன்னாப் பிரிச்சு எடுக்கணும், அவ்வளவுதான்.

என்ன அப்படிப் பாக்கிய? நீங்களும் ஒரு குடும்பத்துப் பொம்பளைதான? உங்களுக்குப் புரியும்னுதான் இவ்வளவும் சொன்னேன்.

கண்டக்டர், எறக்கம் இருக்கு.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கிடுங்க. அவுக திரும்பிப் பாத்தா, நான் பின் சீட்டுல தூங்குதேன்னு சொல்லுங்க.